‘பாசத்தின் இமயம்’ வேண்டாம், அம்மா வேண்டும்

கேள்வி: என் அம்மா போன வருடம் புரட்டாசியில், 82 வயதில் காலமானார். பிறந்தது வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கிராமம். 1961இல் கல்யாணமாகி மன்னார்குடி அருகே எங்கள் ஊருக்கு வந்தார். அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது 88 வயது. அக்கா, நான், தங்கை என நாங்கள் மூன்று பேர். பேரன் பேத்திகள் ஏழு பேர். முதல் வருடத் திதிக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் போட ஆசைப்படுகிறோம். நான்தான் எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் போஸ்டரில் போடும் வார்த்தைகள்தான் வருகின்றன. அப்பாவிடம் கேட்டால், “என்னத்தச் சொல்றது, நல்லா இருந்தா, போயிட்டா” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். இன்னொரு சிக்கலும் உண்டு. 1968இல் எங்களுக்கு ஒரு தம்பி பிறந்து நாற்பது நாளில் இறந்துவிட்டான். அப்புறம், எழுபதுகளில் பாட்டியோடு சண்டை வந்து அம்மா எட்டு மாதம் தாய்வீட்டில் இருந்திருக்கிறார். இரண்டையும் எழுதக் கூடாது என்கிறார் அக்கா. எழுதாவிட்டால் அது பொய் என்கிறாள் தங்கை. நண்பர் ஒருவர் இருபது வரியில் இரங்கல் கவிதை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எப்படித் தொடங்குவது? எழுதிய நான்கு பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். ‘பாசத்தின் இமயம்’, ‘தியாகத்தின் திருவுருவம்’, ‘விருந்தோம்பலின் இலக்கணம்’. எதுவும் தப்பில்லை. ஆனால் உங்கள் அம்மாவின் பெயரை எடுத்துவிட்டு என் அம்மாவின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். அங்கேதான் உதைக்கிறது. குடும்ப நினைவு மலர்களைத் தொகுத்துக் கொடுப்பதுதான் இருபது வருடமாக என் வேலை. இமயமும் சிகரமும் இல்லாமல் முதல் வரைவு ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை, அதனால் வெட்கப்பட வேண்டாம்.

ஆனால் மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “உப்பை மட்டும் கடையில் வாங்க விடமாட்டார், தாய்வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.” அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். மற்ற மூன்றே முக்கால் பக்கத்தில் இல்லாத உங்கள் அம்மா இந்த ஒரு வரியில் இருக்கிறார். மன்னார்குடிக் கடைகளில் உப்புக்கா பஞ்சம்? பிறகு ஏன் அப்படிச் சொன்னார்? யார் கொண்டுவந்து கொடுத்தார்கள், சாக்கிலா, பனையோலைக் கொட்டானிலா? கொண்டுவருவது எந்த வருடம் நின்றது? நின்ற பிறகு என்ன செய்தார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினாலே உங்களுக்கு முதல் அத்தியாயம் கிடைத்துவிடும்.

உங்கள் வரைவில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அது 1961இல் தொடங்குகிறது. அன்பு மனைவியாக, பாசமிகு தாயாக, செல்லப் பாட்டியாக. மூன்றுமே இன்னொருவரை வைத்து வந்த பெயர்கள். அப்பா வந்ததால் மனைவி, நீங்கள் பிறந்ததால் அம்மா, உங்கள் பிள்ளைகளால் பாட்டி. அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் அவர் ஒரு வீட்டின் மகள், ஒரு தெருவின் பெண். அந்தப் பத்தொன்பது வருடத்துக்கு உங்களிடம் ஒரு வரிகூட இல்லை. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. எனக்கு வரும் வரைவுகள் முக்கால்வாசி இப்படித்தான். ஆணைப் பற்றிய மலர் பிறந்த ஊரில் தொடங்கும், பெண்ணைப் பற்றியது தாலி கட்டிய நாளில் தொடங்கும். பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்துகூட மாறிவிடுகிறது. பள்ளியில் அப்பாவின் தலைப்பெழுத்து, ரேஷன் கார்டில் கணவருடையது. மலரில் இரண்டையும் போடுங்கள்.

நம் பக்கத்துச் சொலவடை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு. விளக்கழகு ஊர்ப் பக்கத்திலிருந்து மதிலழகு ஊர்ப் பக்கத்துக்கு வந்தவர் உங்கள் அம்மா. உப்பளமும் புகையிலைக் கொல்லையும் முல்லைத் தோட்டமும் கடல் காற்றும் இருக்கிற இடத்திலிருந்து, ஆற்றுப் பாசனமும் நெல்லும் சேறுமாக இருக்கிற இடத்துக்கு. ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் சாப்பாடு வேறு, தண்ணீரின் ருசி வேறு. வந்த முதல் வருடம் அவருக்கு எது பிடிக்காமல் போனது என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா?

அதனால் எழுதுவதை நிறுத்திவிட்டு முதலில் வேதாரண்யம் போய் உங்கள் சித்தியைப் பாருங்கள். அம்மாவுக்கு நேர் இளையவர், 78 வயது, நினைவு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவை ‘அக்கா’ என்று கூப்பிட்டவர்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். கூடப் படித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். திதிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அச்சகம் காத்திருக்கும். அந்த வயதுக்காரர்களைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அம்மாவை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எதற்கு அடி வாங்கினார், எந்த வகுப்போடு படிப்பு நின்றது, நிறுத்தியது யார் என்று கேளுங்கள். அவர் படித்த பள்ளி இன்னும் நடக்கிறதென்றால் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். அதிலுள்ள பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பல பிள்ளைகளுக்குச் சேர்க்கும் நாளில் வாத்தியார் போட்டதுதான் பிறந்த நாள். ஜாதகக் குறிப்பில் ‘சித்திரபானு’ என்று இருந்தால் அது 1942 ஏப்ரல் நடுவிலிருந்து அடுத்த ஏப்ரல் வரையிலான வருடம். அதிலுள்ள தமிழ் மாதமும் நட்சத்திரமும் பெரும்பாலும் தேதியைக் கொடுத்துவிடும்.

வயதானவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் பதில் வராது. “புயலுக்கு முன்னாடியா, அப்புறமா?” என்று கேளுங்கள், உடனே வரும். உங்கள் அம்மாவின் வாழ்க்கையை மூன்று பெரும் புயல்களை வைத்தே அளந்துவிடலாம். 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலின்போது அவருக்குப் பத்து வயது. 1977 நவம்பர் 12 புயலில் 35 வயது, வீட்டில் மூன்று பிள்ளைகள். 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா கரையேறியபோது 76 வயது, கொல்லையில் எத்தனை தென்னை போனது என்று எண்ணிக்கொண்டிருந்திருப்பார். முதல் புயலில் அவரை யாரோ தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். இரண்டாவதில் அவர் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். மூன்றாவதில் பேரன் யாராவது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தானா? இதெல்லாம் என் ஊகம், உண்மையில் நடந்தது உங்கள் வீட்டாருக்குத்தான் தெரியும். மூன்று புயலுக்கும் ஒவ்வொரு பக்கம் ஒதுக்கினால் உங்கள் 32 பக்கத்துக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

அடுத்தது காகிதம். 1980க்கு முன் எடுத்த புகைப்படம் ஒன்றுதான் இருக்கிறது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். போட்டோ இல்லாவிட்டால் போகட்டும், டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இன்லண்ட் கடிதங்கள் இருந்தால், உள்ளே தேதி போடாவிட்டாலும் அஞ்சல் முத்திரையில் இருக்கும். பால் கணக்கு நோட்டு, கோல நோட்டு, மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிய மளிகைப் பட்டியல் என்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். அவர் கையெழுத்தில் ‘து.பருப்பு ½’ என்று இருந்தாலும் போதும், அந்தத் துண்டை முழுப் பக்கத்தில் போடலாம். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். இருக்கிற அந்த ஒரு போட்டோ கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், 600 டிபிஐயில்.

முக்கியமாக நகைக்கடன் ரசீதுகள். இதைச் சொன்னால் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை, அந்தத் தலைமுறைப் பெண்ணின் வாழ்க்கைக் கதையை அவர் கழுத்துச் சங்கிலி அளவுக்கு ஒழுங்காகக் குறித்துவைத்திருக்கும் பொருள் வேறில்லை. எப்போதெல்லாம் அது கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனது, எதற்காகப் போனது, யார் மீட்டார்கள், எப்போது திரும்பாமலே போனது. விதைநெல்லுக்கு ஒரு தடவை, உங்கள் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு தடவை, அக்கா பிரசவத்துக்கு ஒரு தடவை என்று வரிசைப்படுத்தினால், ‘தியாகத்தின் திருவுருவம்’ என்று நீங்கள் எழுதியது என்னவென்று வாசிப்பவருக்குத் தானாகப் புரியும். அந்த வார்த்தையை அப்புறம் எடுத்துவிடலாம்.

இப்போது அப்பா. கடிதத்தில் அவருக்கு இரண்டு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் இந்த மலரில் பாதி அவரிடம்தான் இருக்கிறது. “அம்மாவைப் பத்திச் சொல்லுங்கப்பா” என்று ஃபோனை எதிரே வைத்தால் யாருக்கும் வாய் வராது. 63 வருடத்தை ஒரு பதிலில் எப்படிச் சொல்வார்? சின்னதாகக் கேளுங்கள். அந்த வீட்டில் முதன்முதலில் கேஸ் அடுப்பு எப்போது வந்தது? பள்ளிக்கூடத்துக்கு அவருக்குச் சாப்பாடு எதில் கட்டிக் கொடுத்தார்? கையில் ஏதாவது பொருளைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. பழைய தூக்குவாளி, கண்ணாடிக் கூடு, அந்த டிரங்குப் பெட்டியின் சாவி. அதற்கும் அசையவில்லை என்றால் என்னுடைய பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது: வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். “அம்மாவுக்கு ரயில்ன்னா பயமாம்ல, சித்தி சொன்னாங்க” என்று ஆரம்பித்துப் பாருங்கள். அறுபது வருடம் கூட வாழ்ந்த மனிதர், அதுவும் வாத்தியார், தப்பான தகவலைத் திருத்தாமல் விடமாட்டார். திருத்த ஆரம்பித்தால் அரைமணி நேரம் பேசுவார். அப்புறம் தந்திரத்தை அவரிடமே சொல்லிவிடுங்கள், சிரித்துவிடுவார்.

காலையில், காப்பிக்குப் பிறகு, முக்கால் மணி நேரம் போதும். அழுதால் பேச்சை மாற்றாதீர்கள். நாம் செய்யும் பெரிய தப்பு அது. “சரி சரி விடுங்கப்பா” என்று டிவியைப் போடுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அவரே தொடர்வார். புறநானூற்றில் 245ஆம் பாட்டு, மனைவி இறந்தபோது ஒரு சேர அரசன் பாடியது. துயரம் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன, என் உயிரை எடுக்கும் வலு அதற்கு இல்லையே என்கிறான். அவளைக் கள்ளிக்காட்டில் நெருப்பில் படுக்க வைத்துவிட்டு நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனே, இது என்ன என்று கேட்கிறான். அரசனே சில வரிகளில் முடித்துக்கொண்டான். “நல்லா இருந்தா, போயிட்டா” என்று உங்கள் அப்பா சொல்வதும் ஏறக்குறைய அந்த நீளம்தான். வேறு எதுவும் அவர் சொல்லாவிட்டால், அந்த வார்த்தைகளையே மலரின் முதல் பக்கத்தில் போட்டு அடியில் அவர் பெயரைப் போடுங்கள்.

மலருக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா சரியாகச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, உடம்பு இளைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். “நானும் போயிடணும்” என்று அடிக்கடி சொல்கிறார் என்றால் வயசானவங்க பேச்சு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

அக்கா தங்கைத் தகராறுக்கு வருகிறேன். நாற்பது நாள் இருந்த தம்பி மலரில் இருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் அம்மா பெற்றது மூன்று அல்ல, நான்கு. பெயர் வைத்திருந்தால் பெயரோடு, இல்லாவிட்டால் ‘1968இல் பிறந்த ஆண் குழந்தை’ என்று ஒரே வரி. உருக்கமாக எதுவும் சேர்க்க வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு இப்படி ஒரு வரி போட்டுக் கொடுத்தேன். அச்சாகி வந்த பிறகு அந்த வீட்டுப் பெரியவர் மற்ற எந்தப் பக்கத்தையும் புரட்டவில்லை. அந்த வரியின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எட்டு மாதக் கோபம் வேறு மாதிரி. இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அம்மா அதை யாரிடம் சொன்னார்? திண்ணையில் உட்கார்ந்து, வந்தவர் போனவரிடமெல்லாம், “எட்டு மாசம் வரமாட்டேன்னு உக்காந்துட்டேன்ல” என்று சிரித்துக்கொண்டே சொல்லும் கதையாக இருந்தால், அது அவரே வெளியிட்ட கதை. தாராளமாகப் போடலாம், போட்டால் மலருக்கு உயிர் வரும். இரவில் விளக்கணைத்த பிறகு உங்கள் தங்கையிடம் மட்டும் சொன்னதாக இருந்தால், அது தங்கைக்குக் கொடுத்தது. 150 பேருக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. ஒரு நோட்டில் தங்கை தன் கையால் எழுதி வைத்துக்கொள்ளட்டும். எதுவானாலும் அதில் அப்பாவும் ஒரு ஆள், உயிரோடு இருக்கிறார். அவரைக் கேட்காமல் அச்சுக்குப் போகாதீர்கள். எழுதாமல் விடுவதெல்லாம் பொய் ஆகிவிடாது என்று தங்கையிடமும், சண்டை போட்ட அம்மா ஒன்றும் குறைந்துவிட மாட்டார் என்று அக்காவிடமும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நண்பரின் கவிதை? மனம் கோணாமல் மறுத்துவிடுங்கள். இருபது வரியில் எதுகைக்காகவே பத்து வரி போய்விடும். உங்கள் ஊரில் அன்றைக்கு ஒப்பாரி வைத்திருப்பார்கள். அதில் அம்மா கட்டிய புடவை நிறம், நட்ட முருங்கை, போட்ட சோறு எல்லாம் வந்திருக்கும். பாடிய பெண்களைத் தேடிப் போய் நினைவில் இருக்கிற நாலு வரியைக் கேட்டு வாங்குங்கள், அவர்கள் பெயரோடு போடுங்கள். யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ‘கல்வெட்டு’ என்று சிறு நூல் அச்சிடும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவழி எல்லாம் இருக்கும். அப்படிப்பட்ட நினைவு மலர்கள் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் ஏராளமாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. புரட்டிப் பாருங்கள். அங்கேயும் புகழ்ச்சிப் பாடல்களை நான் தாண்டிப் போய்விடுவேன், வம்சாவழிப் பக்கத்தில்தான் நிற்பேன். உங்கள் மலரிலும் ஒரு வம்சாவழி இருக்கட்டும். அதில் அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று பெண்வழியில் எவ்வளவு தூரம் போக முடிகிறதோ அவ்வளவு தூரம். மூன்றாவது பெயருக்கே திணறுவீர்கள். சித்தியிடம் கேட்க இன்னொரு காரணம் ஆயிற்று.

பேரப்பிள்ளைகள் ஏழு பேரிடமும் கட்டுரை கேட்காதீர்கள். ‘என் பாட்டி மிகவும் அன்பானவர்’ என்று ஏழு பக்கம் வரும். ஆளுக்கு ஒரே ஒரு கேள்வி: பாட்டி உன்னிடம் மட்டும் சொன்னது அல்லது உனக்கு மட்டும் செய்தது என்ன? ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். அப்படியே அவரவர் ஃபோனில் பாட்டி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். “சாப்டியா, ஊருக்கு எப்ப வர்ற” என்று எட்டு விநாடி இருந்தாலும் எடுத்து ஒரே இடத்தில் சேர்த்துவிடுங்கள். ஃபோன் மாற்றும்போது முதலில் போவது அதுதான்.

அச்சு விஷயம் சுருக்கமாக. டெமி அளவு, 32 பக்கம், நடுவில் படங்களுக்கு ஆர்ட் பேப்பரில் நான்கு பக்கம், 150 பிரதிக்கு டிஜிட்டல் அச்சே போதும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், வாசிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அறுபது வயதுக்கு மேல். கடைசி இரண்டு பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். திதியன்று சாப்பிட்டுவிட்டு மலரைப் புரட்டும் உறவுக்காரர்கள் கண்டிப்பாக, “இது அப்படி இல்லையே” என்று ஆரம்பிப்பார்கள். பேனாவைக் கொடுத்து அந்தப் பக்கத்திலேயே எழுத வையுங்கள்.

அப்புறம் ஒன்று. சித்தியைப் பார்க்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா? திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை போகும் ரயில் பாதை பல வருடம் மூடிக் கிடந்து, 2023 ஏப்ரலில் அகலப் பாதையாகத் திறந்திருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் அவர் மீட்டர் கேஜ் வண்டியில் மாமனார் வீட்டுக்குப் போன பாதை அது. வண்டி நேரத்தை விசாரித்துக்கொண்டு, திருத்துறைப்பூண்டி வரை காரில் வந்து ரயிலில் ஏற்றிவிடுங்கள். ஜன்னலோர இடம் கொடுங்கள். அகத்தியம்பள்ளி நெருங்கினால் உப்பளம் தெரியும், 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். மழைக்கு முந்தைய மாதம் என்பதால் உப்பைக் குவித்து வைத்திருப்பார்கள். ரெக்கார்டரை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிடுங்கள். திரும்பும்போது ஐந்து கிலோ கல்லுப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள்.